துணிக்கடை அனுபவத்தை ஏன் மறைக்கிறீர்கள்?

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கால் சென்டருக்கு ஆள் எடுப்பது என் வேலை. வருகிற ரெஸ்யூம்களில் பெரும்பாலானவை ஒரே அச்சு: அப்பா பெயர், மதம், பாஸ்போர்ட் எண், 'கடின உழைப்பாளி'. எதுவும் எனக்குத் தேவையில்லை. பாஸ்போர்ட் எண்ணை ஊரெல்லாம் கொடுப்பது ஆபத்தும்கூட.

விளம்பரத்தை நிதானமாகப் படியுங்கள். 'வாய்ஸ் பிராசஸ்' என்றால் பேச்சு. 'சாட்' என்றால் பிழையில்லாத, வேகமான தட்டச்சு. நைட் ஷிஃப்ட் என்றிருந்தால், வரச் சம்மதம் என்று மேலேயே ஒரு வரி போடுங்கள். விளம்பரம் கேட்கும் திறமை உங்களிடம் உண்மையிலேயே இருந்தால் அதன் சொல்லாலேயே எழுதுங்கள். பல நிறுவனங்களில் மனிதர் பார்க்கும் முன்பே மென்பொருள் அந்தச் சொற்களைத் தேடிவிடுகிறது.

தி.நகர் துணிக்கடையில் தீபாவளிக் கூட்டத்தைச் சமாளித்த ஒரு பெண், ரெஸ்யூமில் அதை எழுதாமல் பி.காம். மதிப்பெண்ணை மட்டும் போட்டிருந்தார். 'சேல்ஸ் கேர்ள்' என்று எழுதக் கூச்சமாம்! "புடவையைத் திருப்பித் தரக் கோபமாக வந்தவர்களிடம் பொறுமையாகப் பேசி, வேறு புடவை எடுக்க வைத்தேன்" என்று எழுதச் சொன்னேன். நாங்கள் தேடுவது இந்த ஆளைத்தான். மதிப்பெண் கடைசியில் வரட்டும்.

ஒரு பக்கம் போதும். மின்னஞ்சல் முகவரியில் 'கிங்', 'ரௌடி' எல்லாம் வேண்டாம், தயவுசெய்து.