பரிசு வாங்கும் கையுறை

இது ஒரு ஜோடி கையுறையின் கதை. விக்கெட் கீப்பருடையது அல்ல, பேசுகிற கையுறை.

மைக்ரோசாஃப்ட் கம்பெனி 2003-ல் 'இமேஜின் கப்' என்று கல்லூரி மாணவர்களுக்கு ஓர் உலகப் போட்டியை ஆரம்பித்தது. முதல் இறுதிச் சுற்று பார்சிலோனாவில். அப்புறம் ஸாவோ பாவ்லோ, யோகோஹாமா, 2006-ல் டெல்லி என்று வருடத்துக்கு ஓர் ஊர். 2007-ல் கல்வி, 2008-ல் சுற்றுச்சூழல் என்று தலைப்பு கொடுத்தார்கள். பிறகு ஐ.நா. சபையின் பட்டியலையே கையில் கொடுத்துவிட்டார்கள். வறுமை, நோய், குழந்தை மரணம்... 'எது வேணுமோ எடுத்துக்குங்க தம்பி, தீர்த்துட்டு வாங்க!' பெரியவர்கள் காலங்காலமாக மீட்டிங் போட்டு, டீ குடித்துவிட்டுக் கலைந்த சமாச்சாரங்கள் அவை.

பசங்க அசரவில்லை. 2008-ல் பாரிஸில், விவசாயத்தில் தண்ணீர் வீணாகாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்காக ஆஸ்திரேலிய அணி ஜெயித்தது. 2011-ல் நியூயார்க்கில், கார் ஓட்டுகிறவரின் லட்சணத்தைக் கண்காணிக்கும் கருவிக்காக அயர்லாந்து அணி.

2012-ல் சிட்னி. எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் மாணவர்கள். மேடையேறிய உக்ரைன் மாணவர்கள் கையில்தான் நம் கதாநாயகன்.

கையுறையில் விரல் மடங்குவதை அளக்க 15 சென்சார்கள். கை எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு வேகம் என்று பார்க்க வேறு சில. சார்ஜுக்குக் கொஞ்சம் சூரிய ஒளித் தகடு. மாட்டிக்கொண்டு சைகை காட்டினால், புளூடூத் வழியாக செல்போனுக்குத் தகவல் போய், போன் வாய்விட்டுப் பேசும். ஹார்டுவேர் செலவு சுமார் 75 டாலர்தான் என்றார்கள். காது கேளாத விளையாட்டு வீரர்களோடு பழகியதில் பிறந்த யோசனையாம். முதல் பரிசு 25,000 டாலர். அந்த ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்று என்று டைம் பத்திரிகையும் சேர்த்துக்கொண்டது.

எனக்கும் படித்தபோது கைதட்டத்தான் தோன்றியது. அப்புறம்தான் பழைய கணக்கைப் புரட்டினேன். கதாநாயகன் புதுமுகம் இல்லை, சார்!

1983-லேயே அமெரிக்காவின் பெல் லேப்ஸ்காரர் ஒருவர், விரலால் எழுத்துக் காட்டினால் புரிந்துகொள்ளும் கையுறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். 2001-ல் கொலராடோவைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவர் அதே மாதிரி கையுறைக்காக ஒரு லட்சம் டாலர் ஸ்காலர்ஷிப் வென்றார். 2012-ல் சிட்னி. 2016-ல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் இன்னொரு கையுறை செய்து, எம்.ஐ.டி.யோடு சேர்ந்து லெமெல்சன் வழங்கிய மாணவர் பரிசாக 10,000 டாலர் வாங்கினார்கள். கையுறை மேடையேறுகிறது, கைதட்டு வாங்குகிறது, இறங்கிக் காணாமல் போகிறது. சில வருடம் கழித்து வேறு கையில் திரும்பி வருகிறது.

காது கேளாதவர்கள் அதை ஏன் மாட்டிக்கொள்ளவில்லை?

ஏனென்றால் சைகை மொழி கையில் மட்டும் இல்லை. அமெரிக்கச் சைகை மொழியில் 'ஆமா, இல்லை' என்று பதில் வரவேண்டிய கேள்விக்குப் புருவத்தை உயர்த்த வேண்டும். 'ஏன், எங்கே' என்று கேட்டால் புருவத்தைச் சுளிக்க வேண்டும். முகம்தான் பாதி இலக்கணம். அதைக் கையுறை எப்படிப் பார்க்கும்? புருவத்துக்கு உறை போட முடியுமா?

அதுவும் உலகம் முழுக்க ஒரே சைகை மொழி இல்லை. அமெரிக்கரும் பிரிட்டிஷ்காரரும் பேசுவது ஒரே இங்கிலீஷ். ஆனால் அந்த இரண்டு நாட்டுச் சைகை மொழிகளும் வேறு வேறு. எழுத்துகளை அமெரிக்கர் ஒரு கையால் காட்டுவார், பிரிட்டிஷ்காரர் இரண்டு கையால். அமெரிக்க மொழிக்கு நெருங்கிய சொந்தம் பிரெஞ்சுச் சைகை மொழி. 1816-ல் பாரிஸிலிருந்து அமெரிக்கா போன காது கேளாத ஆசிரியர் ஒருவரின் புண்ணியம்.

சரி, அதையெல்லாம் விடுங்கள். கையுறை போட்டவர் கடையில் 'பால் இருக்கா?' என்று கேட்டுவிட்டார். போனும் பேசிவிட்டது. கடைக்காரர் வாயால் பதில் சொல்கிறார். இவருக்கு அது எப்படிக் கேட்கும்? ஆக, கையுறை யாருக்கு உதவி செய்தது? கடைக்காரருக்கு! மாட்டிக்கொண்டு வியர்ப்பது மட்டும் இவர் பொறுப்பு.

2016-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சைகை மொழி ஆசிரியரும் மொழியியல்காரர்களும் பகிரங்கக் கடிதம் எழுதி இதைத்தான் சொன்னார்கள்.

உங்களுக்கு இது புதிதா என்ன? ஹெட் ஆபீஸிலிருந்து புது சாஃப்ட்வேர் வந்து இறங்கும். 'வேலையைச் சுலபமாக்கும்' என்று சர்க்குலர். கவுன்ட்டரில் உட்காருகிறவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். முதல் நாளே முன்பு மூன்று தட்டில் முடிந்த காரியம் பதினொரு தட்டு ஆகியிருக்கும். அதைச் செய்தவருக்கு அவார்டு!

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று 1964-ல் நடந்தது. ராபர்ட் வைட்பிரெக்ட் என்று கலிபோர்னியாவில் ஒரு இயற்பியலாளர். பிறவியிலேயே காது கேட்காது. நண்பர் ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ் பல் டாக்டர்; அவருக்கும் கேட்காது. கூட ஆண்ட்ரூ சாக்ஸ் என்ற வியாபாரி, அவருக்கும் அப்படியே. மூவருக்கும் வேண்டியது ஒன்றே ஒன்று: போனில் பேச வேண்டும்.

பழைய டெலிடைப் மிஷின்களை எடுத்துக்கொண்டார்கள். வெளியார் கருவியை லைனில் இணைக்க டெலிபோன் கம்பெனி விடாது. வைட்பிரெக்ட் ஒரு பெட்டி செய்தார். ரிஸீவரை அதன்மேல் படுக்கவைத்தால் போதும். தட்டச்சின் எழுத்து ஒலியாகிப் போய், அந்தப் பக்கம் மறுபடி எழுத்தாகும். அந்த வருடமே இவர் தட்ட, வேறு ஊரில் மார்ஸ்டர்ஸ் படித்து, பதில் தட்டினார்.

மேடை இல்லை, கப் இல்லை. ஆனால் டெலிபோன் கம்பெனிகள் கழித்துக்கட்டிய மிஷின்களைச் சேகரித்து, ரிப்பேர் பார்த்து, வீடு வீடாகக் கொண்டுபோய் வைக்க, காது கேளாதவர்களே 1968-ல் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். எஸ்.எம்.எஸ். வரும்வரை அவர்களுடைய டெலிபோன் அதுதான்.

போட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருபது வயதில் உலகத்தைத் திருத்த ஆசைப்படாதவன் நாற்பதில் ஃபைலைக்கூடத் திருத்த மாட்டான். சிட்னியில் ஜெயித்த பையன்கள் கெட்டிக்காரர்கள், நல்ல மனசுக்காரர்கள். ஆனால் எந்தப் பிரச்னையைத் தீர்ப்பது என்று முடிவு செய்யும்போது, அந்தப் பிரச்னையோடு குடித்தனம் நடத்துகிறவர் பக்கத்தில் இருக்க வேண்டாமா? நன்றி சொல்ல அல்ல. 'இது வேண்டாம் தம்பி, அதைச் செய்' என்று சொல்ல.

அடுத்த கையுறை எங்கேயோ ஒரு ஹாஸ்டல் அறையில் தயாராகிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கிற நடுவர் வரிசையில், காது கேளாத ஒருவருக்கு ஒரு நாற்காலி போட்டுவையுங்கள். செலவு 75 டாலர்கூட ஆகாது.