பண்ணை மீன் பண்ணையில் தங்குவதில்லை

செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் சாலையோரம் விற்கும் 'ஏரி மீன்' கூடையை ஒருமுறை எட்டிப் பாருங்கள். அதில் எப்படியும் ஜிலேபி கிடக்கும். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்க்காரர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழகிய மீன். நம்மூர் மீன் என்றே பலரும் நினைக்கிறோம். அதன் பிறந்த வீடு தென்கிழக்கு ஆப்பிரிக்காவின் ஆறுகள். குளத்தில் வளர்த்தால் மலிவாகப் புரதம் கிடைக்குமே என்ற நல்ல எண்ணத்தில், 1952-ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

வந்த மீன் குளத்தோடு நிற்கவில்லை. ஆண் ஜிலேபி கரையோரச் சேற்றில் தட்டு போல வட்டமாகக் குழி பறிக்கும். பெண் அதில் முட்டையிட்ட கையோடு அத்தனையையும் வாயில் அள்ளிக்கொள்ளும். பொரித்த குஞ்சுகள் நீந்தப் பழகிய பிறகும், ஆபத்து வந்தால் தாயின் வாய்க்குள் ஓடி ஒளியும். சில மாதங்களில் அந்தக் குஞ்சுகளே முட்டையிடத் தயாராகிவிடும். கழிவுநீர் கலந்த ஏரியிலும் தாக்குப்பிடிக்கும். அதே கரையோரத்தை நம்பியிருக்கும் நாட்டு மீன்களுக்கு இடமும் போகிறது, இரையும் போகிறது. அமராவதி அணையில் நாட்டு மீன்களைப் பின்னுக்குத் தள்ளி ஜிலேபி முதலிடத்துக்கு வந்தது பழைய கதை. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்களின் பட்டியலிலும் அதன் பெயர் இருக்கிறது.

இந்தச் சிக்கலை உலகம் அதிகம் பேசுவது சால்மன் மீனை வைத்துத்தான். நார்வேயில் கடலில் வலைக்கூண்டு கட்டி லட்சக்கணக்கில் அதை வளர்க்கிறார்கள். கூட்டம் நெருக்கமானால் கடல் பேன் என்னும் ஒட்டுண்ணி பெருகும். பக்கத்தில் நீந்திப்போகும் காட்டுச் சால்மன் குஞ்சுகளையும் பிடித்துக்கொள்ளும். கூண்டு கிழிந்தால் இன்னும் மோசம். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பண்ணை சரிந்து, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அட்லாண்டிக் சால்மன்கள் பசிபிக் கடலில் கலந்தன. மறு ஆண்டே அத்தகைய அயல் மீன் கூண்டுகளுக்கு முடிவுகட்ட அந்த மாநிலம் சட்டம் இயற்றியது.

கண்ணுக்குத் தெரியாத கேடு மரபணுவில் நடக்கிறது. சீக்கிரம் எடை போடுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த பண்ணை மீன், நார்வேயின் பல ஆறுகளில் காட்டு மீனோடு கூடிவிட்டது. அந்தக் கலப்புக் குஞ்சுகளுக்கு ஆற்றில் பிழைக்கும் திறமை குறைவு. ஊர் ஊராகப் போய் வென்ற ஜிலேபிக்கும் சொந்த மண்ணில் இதே கதிதான். பண்ணைகளிலிருந்து தப்பிய அதன் உறவினமான நைல் திலாப்பியாவோடு கலந்து கலந்து, ஆப்பிரிக்காவில் அது இன்று அழியும் அபாயமுள்ள இனங்களில் ஒன்று. நம் காவிரியிலும் மகாராஷ்டிராவின் லோனாவாலாவில் குஞ்சு பொரித்த வேறொரு மகசீர் மீன் இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆற்றுக்கே உரிய திமில் மகசீர் இப்போது மிக அருகிப்போன நிலையில் இருக்கிறது.

சென்னையின் மேற்குப் புறநகரில் நான் அதிகம் அஞ்சுவது ஆப்பிரிக்கக் கெளுத்தியை. காற்றையும் சுவாசிக்கும், அழுக்கு நீரிலும் கொழுக்கும், இறைச்சிக் கழிவைப் போட்டே வளர்த்துவிடலாம். மத்திய அரசு தடை செய்து கால் நூற்றாண்டு ஆகியும் திருட்டுத்தனமாக வளர்ப்பது ஓயவில்லை. ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயத்துக்குள் புகுந்த இந்த மீனை வனத்துறை ஆயிரக்கணக்கில் பிடித்து அகற்ற வேண்டியதாயிற்று. மழைக்கால ஈரத்தில் தரையிலேயே ஊர்ந்து அடுத்த நீர்நிலைக்குப் போகும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நம் தெருவே ஏரியானதை மறந்திருக்க மாட்டோம். அம்மாதிரி வெள்ளத்தில் எந்தக் குட்டையின் கரையும் மீனைத் தடுத்து நிறுத்தாது.

வீட்டுத் தொட்டிகளிலிருந்தும் ஆபத்து வருகிறது. கொளத்தூரைச் சுற்றி வண்ணமீன் வளர்ப்பு பலருக்குச் சோறு போடும் தொழில். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 'டேங்க் கிளீனர்' என்று வாங்கும் தென்னமெரிக்க மீன் தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்ததும், பாவம் பார்த்து ஏரியில் விட்டுவிடுகிறோம். கவசம் போன்ற தோலும் முரட்டு முள்ளும் வலையைக் கிழிக்கும். கரையில் தூக்கிப் போட்டாலும் மணிக்கணக்கில் சாகாது. முட்டையிடக் கரை மண்ணைக் குடைந்து வளை தோண்டும். மண் கரையை நம்பி நிற்கும் ஏரிகள் நம்முடையவை.

ஏரிகளில் குஞ்சு விடும் மீன்வளத் துறை, விரால் போன்ற நாட்டு மீன்களுக்கு முதலிடம் தர வேண்டும். தடை செய்த கெளுத்தியை வளர்க்கும் குட்டைகளை மழைக்கு முன்பே அழிக்க வேண்டும். வாசகர்களிடம் கேட்பது ஒன்றுதான்: வளர்க்க முடியாத தொட்டி மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், ஏரியில் விடாதீர்கள்.