இரண்டு கிராபிக்ஸ் கார்டு, இரண்டு கம்பெனி: ஒத்துப் போகுமா?

கம்ப்யூட்டர் வாங்கி ஓரிரு வருடம் ஆனதும் பலருக்கு இந்தச் சந்தேகம் வரும். "என்னிடம் ஏ.எம்.டி. ரேடியான் கார்டு இருக்கிறது. புதிதாக என்விடியா ஜீபோர்ஸ் கார்டு வாங்கி, பழையதைக் கழற்றாமல் இரண்டையும் சேர்த்துப் போட்டால் கேம்ஸ் இரு மடங்கு வேகத்தில் ஓடுமா?" சிறுசேரி சிப்காட்டில் மென்பொருள் பொறியாளராகப் பணிபுரியும் என்னிடம், நாவலூர், கேளம்பாக்கம் பக்கம் குடியிருக்கும் நண்பர்கள் இதை அடிக்கடி கேட்கிறார்கள். ரிச்சி தெருவுக்குப் போய்ப் பணத்தைக் கொடுக்கும் முன் பதிலைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு கார்டும் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கலாம். ஆனால் ஒரே கேமுக்காக இரண்டும் சேர்ந்து உழைப்பது மிக அபூர்வம். ஏன் என்று பார்ப்போம்.

சிப் வேறு, கார்டு வேறு

கார்டின் மேல் அசூஸ், எம்.எஸ்.ஐ., ஜிகாபைட், ஜோடாக், சபையர் என்று பல பெயர்கள் இருக்கும். இவை கார்டைத் தயாரிக்கும் நிறுவனங்கள். உள்ளே இருக்கும் சிப் என்விடியா, ஏ.எம்.டி., இன்டெல் ஆகிய மூன்றில் ஒன்றுடையதாகவே பெரும்பாலும் இருக்கும். டிரைவரைத் தீர்மானிப்பது இந்தச் சிப்தான். எனவே அசூஸ், ஜிகாபைட் என்று பெயர் மாறுவதால் பெரிய தொல்லை இல்லை. சிப் மாறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஏன் சேர்ந்து உழைப்பதில்லை?

கேம் தரும் கட்டளைகளைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தருவது டிரைவர். என்விடியா டிரைவருக்கு ரேடியான் சிப்பின் பாஷை தெரியாது; ஏ.எம்.டி. டிரைவருக்கு ஜீபோர்ஸின் பாஷை தெரியாது. ஒரே படத்தை இரண்டுக்கும் பங்கு போட்டுக் கொடுக்க நடுவில் ஆள் இல்லை.

மெமரியும் அப்படித்தான். 4 ஜி.பி. கார்டும் 8 ஜி.பி. கார்டும் சேர்ந்தால் 12 ஜி.பி. ஆகாது. ஒவ்வொரு கார்டும் தன் மெமரியில் உள்ளதை வைத்துத்தான் வேலை செய்யும்.

இதற்கு முன் செய்த முயற்சிகள்

என்விடியா 2004-இல் எஸ்.எல்.ஐ. முறையையும், ஏ.டி.ஐ. 2005-இல் கிராஸ்பயர் முறையையும் கொண்டுவந்தன. (ஏ.டி.ஐ. நிறுவனத்தை 2006-இல் ஏ.எம்.டி. வாங்கிவிட்டது.) முதலாவதற்கு ஒரே வகைச் சிப் உள்ள இரண்டு கார்டுகள் தேவை, இரண்டாவதற்கு ஒரே குடும்பத்துச் சிப்கள் போதும். இரண்டிலும் எதிர்க் கம்பெனியின் கார்டுக்கு இடமில்லை.

விண்டோஸும் தன் பங்குக்குத் தடை போட்டது. விஸ்டாவில் எல்லா கார்டுகளும் ஒரே டிரைவரில் இயங்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 2009-இல் வந்த விண்டோஸ் 7-இல்தான் இரு கம்பெனிகளின் டிரைவர்கள் அருகருகே இருக்க வழி பிறந்தது.

லூசிட் என்ற நிறுவனம் ஹைட்ரா என்ற சிப்பைத் தயாரித்தது. கேமுக்கும் டிரைவருக்கும் நடுவில் நின்று வேலையைப் பிரித்துக் கொடுப்பது இதன் வேலை. 2010-இல் எம்.எஸ்.ஐ. மதர்போர்டு ஒன்றில் இது வந்தது. ஆனால் பலன் கேமுக்குக் கேம் மாறியதால் நிலைக்கவில்லை.

2015-இல் விண்டோஸ் 10-உடன் வந்த டைரக்ட்எக்ஸ் 12, வேறு வேறு கம்பெனிக் கார்டுகளைச் சேர்க்க வழி செய்தது. ஆனால் அதற்கான புரோகிராமை ஒவ்வொரு கேமிலும் அதை உருவாக்குபவரே எழுத வேண்டும். 'ஆஷஸ் ஆப் த சிங்குலாரிட்டி' போன்ற வெகு சில கேம்களே அதைச் செய்தன. 2021 முதல் எஸ்.எல்.ஐ.க்கான புதிய டிரைவர் அமைப்புகளை வெளியிடுவதை என்விடியாவும் நிறுத்திவிட்டது.

எதற்குப் பயன்படும்?

இரண்டு கார்டுகளுக்கும் தனித்தனி வேலை கொடுத்தால் தொல்லை குறைவு. ஒன்றில் ஒரு மானிட்டரையும் மற்றதில் இன்னொரு மானிட்டரையும் இணைக்கலாம். ஒன்றில் கேம் ஓடும்போது மற்றதில் வீடியோ பதிவு செய்யலாம்.

சொல்லப்போனால், இப்படி ஒரு ஜோடி உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். பல லேப்டாப்களில் இன்டெல் கிராபிக்ஸும் என்விடியா சிப்பும் ஒன்றாக உள்ளன. எந்த புரோகிராம் எதில் ஓட வேண்டும் என்பதை நீங்களே சொல்லலாம். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, கிராபிக்ஸ் என்று வரிசையாகச் சென்று, புரோகிராமைத் தேர்ந்தெடுத்து, 'ஹை பெர்பாமன்ஸ்' என்பதை கிளிக் செய்யுங்கள்.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் மானிட்டர் கேபிளைக் கவனியுங்கள். அதை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருக வேண்டும். புதுக் கார்டு போட்டும் வேகம் கூடவில்லை என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இரண்டாவது கார்டு போடுமுன்

மின்சாரம்: பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். 6 பின் கேபிள் மேலும் 75 வாட், 8 பின் கேபிள் 150 வாட் தரும். இரண்டு கார்டின் தேவையையும் பிராசஸரின் தேவையையும் கூட்டிப் பார்த்து, உங்கள் எஸ்.எம்.பி.எஸ். தாங்குமா என்று முடிவு செய்யுங்கள். கேம் நடுவே கம்ப்யூட்டர் தானே ரீஸ்டார்ட் ஆனால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

ஸ்லாட்: இரண்டாவது ஸ்லாட் பார்வைக்கு முதலாவதைப் போலவே இருந்தாலும், பல மதர்போர்டுகளில் அதன் வேகம் கால் பங்குதான். மதர்போர்டு கையேட்டைப் பாருங்கள்.

வெப்பம்: இரண்டு கார்டும் ஒட்டி நின்றால் மேலே உள்ளதற்குக் காற்று கிடைக்காது. நம் ஊர் சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாத அறையில் இது பெரிய தொல்லை.

டிரைவர்: ஒரு கம்பெனியின் கார்டை எடுத்துவிட்டு மற்றதைப் போடுவதானால், பழைய டிரைவரை முதலில் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு கார்டை மாற்றுங்கள். புது டிரைவரை அந்தச் சிப் நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தே இறக்குங்கள்.

கேம்ஸ் வேகம் மட்டுமே உங்கள் தேவை என்றால், என் நண்பர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்: பழைய கார்டை நல்ல விலைக்கு விற்றுவிடுங்கள். அந்தப் பணத்தையும் சேர்த்து, அடுத்த நிலையில் உள்ள ஒரே ஒரு கார்டை வாங்குங்கள்.