வேப்பமரம் கருகுதா? அவசரப்பட்டு வெட்டிடாதீங்க!

மழை, பனிக்காலத்தில் சில வேப்பமரங்களின் நுனிக்கிளைகள் காய்ந்து, தீ வைத்தது போல கருகி நிற்கின்றன. 2021-ல் தெலங்கானாவில் ஏராளமான மரங்கள் இப்படி ஆயின. தமிழகத்திலும் பல ஊர்களில் இதே கதைதான். 'மரம் செத்துப்போச்சு' என்று உடனே கோடாரியைத் தூக்கிவிடுகிறார்கள். பாவம், மரம் உள்ளுக்குள் போராடிக்கொண்டிருக்கும்!

இது 'போமாப்சிஸ்' என்ற பூஞ்சையின் வேலை. தேயிலைக் கொசு என்ற பூச்சி தளிரில் சாறு உறிஞ்சினாலும் மரம் இப்படித்தான் கருகும்.

நமக்குப் புண் ஆறும். மரத்துக்கு ஆறாது, அது சுவர்தான் கட்டும். கிருமி நுழைந்த இடத்தில் நீர் ஏறும் குழாய்களை பிசின் போன்ற பொருளால் அடைத்து, கெட்ட பாகத்தை அப்படியே ஒதுக்கிவிட்டு, அதைச் சுற்றி புதிய கட்டையை வளர்க்கும். அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்துத்தான் 1970-களில் இதை விளக்கினார்.

சிக்கலே அங்குதான். உள்ளே நடக்கும் சண்டையைப் பார்க்க மரத்தை அறுக்கணும். அறுத்தால் சண்டையே முடிஞ்சுபோச்சு! போதாக்குறைக்கு, காய்ந்த குச்சியில் வேறு பூஞ்சைகளும் குடியேறிவிடும். முதல் குற்றவாளி யார் என்று பிடிப்பது லேசில்லை.

கருகிய குச்சிகளை மட்டும் கழித்து எரித்துவிட்டு, கோடை வரை பொறுத்துப் பாருங்க. பெரும்பாலான மரங்கள் மறுபடி துளிர்த்துவிடுகின்றன.