பிரஷர் மெஷின் வீட்டுக்கு வரட்டும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிளினிக்குகளில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். அங்கே பிரஷர் நோயாளிகளிடம் ஓயாமல் கேட்ட பேச்சு ஒன்று: "இப்ப நல்லாத்தானே இருக்கன் மிஸ், இனி என்னத்துக்குக் குளிசை?"

வலி இல்லை, மயக்கம் இல்லை. குளிசையை விட்டுவிடுகிறார்கள். பிரஷரோ உள்ளே இரத்தக் குழாய்களையும் சிறுநீரகத்தையும் அரித்துக்கொண்டே இருக்கிறது. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகுதான் வீட்டாருக்கு விளங்குகிறது. உலகம் முழுவதும் இதே கதைதான்: உயர் இரத்த அழுத்தம் உள்ள ஐந்து பேரில் நான்கு பேருக்குப் போதிய சிகிச்சை இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கை.

நோயாளியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை படகுப் பாதையில் ஏறித்தான் வாவியைக் கடந்தோம். பாலம் வந்த பிறகும் கிளினிக் நாள் என்றால் ஒரு நாள் கூலி போய்விடும். அறுவடைக் காலத்தில் யார் வருவார்?

இதற்கு வழி உண்டு. இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய நாடுகளின் 30 கிராமப் பகுதிகளில் 2,645 பேரிடம் நடத்திய ஆய்வு 2020இல் வெளியானது. அரச சுகாதாரப் பணியாளர்கள் அவர்களில் ஒரு பகுதியினரின் வீடு தேடிப் போய்ப் பிரஷர் பார்த்தார்கள், உப்பையும் குளிசையையும் பற்றிப் பேசினார்கள், பிரஷர் கூடியிருந்தவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். வைத்தியர்களுக்கும் தனிப் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில், வழமையான சிகிச்சை பெற்றவர்களைவிட இப்படி வீடு தேடிப் போய்ப் பார்த்தவர்களுடைய பிரஷரின் மேல் அளவு சராசரியாக 5 புள்ளி கூடுதலாக இறங்கியது. சின்னக் கணக்கென்று நினைக்க வேண்டாம். மேல் அளவை 5 புள்ளி குறைத்தால் பாரிசவாத ஆபத்து 13 சதவீதம் குறையும் என்பது பல பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்ட முடிவு.

இன்னொரு தடை கிளினிக்குக்குள்ளேயே இருக்கிறது. அளவு இறங்காவிட்டாலும் பழைய குளிசையையே மாதாமாதம் எழுதிக் கொடுப்பது. அதற்கும் வழி உண்டு. 2018இல் வெளியான ஆய்வில், நம் நாட்டு நோயாளிகள் 700 பேரில் ஒரு பகுதியினருக்கு மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களில் 70 சதவீதத்தினருக்குப் பிரஷர் கட்டுக்குள் வந்தது; வழமையான சிகிச்சையில் 55தான்.

உப்பும் பிரஷரைக் கூட்டும். நம் வீடுகளில் கருவாடும் ஊறுகாயும் இல்லாத நாள் குறைவு. முற்றாக விடச் சொல்லவில்லை. ஒருவருக்கு நாளுக்கு மொத்தம் 5 கிராம் உப்பு, ஒரு தேக்கரண்டி, அதற்குள் நிற்கட்டும்.

35 வயதைக் கடந்தவர்களுக்கு அரச ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் பிரஷர் பார்ப்பது இலவசம். போய்ப் பாருங்கள். குளிசை தந்தால், வைத்தியர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். சுகாதாரத் துறையிடம் நான் கேட்பது ஒன்றுதான்: படுவான்கரையில் வீடு வீடாகப் போகிற குடும்பநல மாதர் ஒவ்வொருவரின் பையிலும் ஒரு பிரஷர் மெஷின் வையுங்கள்.