குட்டிக் குரங்கு கற்கும் பாடம்

இந்தியத் தீபகற்பத்துக்கே உரிய நாட்டுக் குரங்கின் குட்டி, பிறந்த சில வாரங்கள் தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டே திரியும். எதைத் தின்பது என்பதைத் தாயைப் பார்த்தே பழகும். தாய் அத்திப்பழம் பறித்தால் குட்டியும் பறிக்கும்; தாய் பையைப் பிடுங்கினால் குட்டியும் பிடுங்கும். எனவே சுற்றுலா செல்லும் இடங்களில் பிள்ளைகள் பிஸ்கட் நீட்ட விடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ரேபிஸ் தடுப்பூசி தேவைப்படும்.

சாலையோர ஆலும் அத்தியும் வெட்டப்பட, குரங்குகள் இரையிழந்தன. எண்ணூர், திருவொற்றியூர் தெருக்களில் உப்புக்காற்றைத் தாங்கும் புங்கை, பூவரசு நடலாம். ஆலும் அத்தியும் வேர் பரப்புபவை. மையவாடி, மைதானம் போன்ற திறந்த இடமே ஏற்றது. இங்கே குரங்கு வராவிட்டாலும் குயில் வரும், வௌவால் வரும். நட்ட மரத்தில் பறவையோ விலங்கோ உண்பதும் நட்டவருக்கு ஸதகா என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி.