நீரடிமுத்து எண்ணெயும் நாம் கற்க வேண்டிய பாடமும்



ஆலய விளக்கில் நல்லெண்ணெயும் நெய்யும் வார்க்கிறோம். இவற்றிலுள்ள கொழுப்பு அமிலங்களில் கார்பன் அணுக்கள், நூலில் கோத்த மணிகளைப் போல ஒரே சரமாக அமைந்திருக்கும். நீரடிமுத்து விதையின் எண்ணெயோ வேறுபட்டது. அதில் சரத்தின் நுனியில் ஐந்து அணுக்கள் கைகோத்து ஒரு சிறு வளையமாக நிற்கின்றன. தாவர எண்ணெய்களில் இவ்வமைப்பு மிக அரிது.

மேற்குத் தொடர்ச்சி மலைகளில் வளரும் இம்மரத்தின் விதை, சித்த மருத்துவத்தில் தொழுநோய்க்குப் பயன்பட்டது. 1904இல் லண்டனில் பிரெடரிக் பவர் என்ற வேதியியலறிஞர், இவ்வினத்தைச் சார்ந்த சால்மூக்ரா எண்ணெயிலிருந்து 18 கார்பன் அணுக்கள் கொண்ட சால்மூக்ரிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். குடித்தால் குமட்டும், ஊசியாகப் போட்டால் கெட்டியாகத் தேங்கி வலிக்கும். 1915-16இல் ஹவாயில் ஆலிஸ் பால் என்ற இளம் பெண், ஊசிக்கு ஏற்றவாறு அதை மாற்றும் வழியைக் கண்டார்.

நம் நாட்டில் 1930இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பிலும் இவ்வெண்ணெயே மருந்தாக இருந்தது. தோட்டத் தமிழர்களும் அங்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் வழிபட அங்கேயே ஓர் இந்து ஆலயமும் எழுந்தது. எண்ணெயால் சிலருக்குப் புண்கள் ஆறின. எல்லோருக்கும் குணம் கிட்டவில்லை. 1940களின் இறுதியில் டாப்சோன் வந்ததும் எண்ணெய் ஊசி வழக்கொழியத் தொடங்கியது. 1981இல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. 1995 முதல் அம்மருந்து உலகெங்கும் இலவசம். ஆறு மாதம் அல்லது ஓராண்டு உட்கொண்டால் நோய் தீரும். மருந்து தொடங்கியபின் பிறருக்குத் தொற்றுவதில்லை.

நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது. மனத்தின் அச்சத்துக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை. என் சிறுவயதில், குணமாகித் தோட்டத்து லயத்துக்குத் திரும்பிய ஒருவருக்குச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்ததைக் கண்டிருக்கிறேன். திருவிழாப் பந்தியிலும் அவர் கடைசியில் தனியாகவே அமர்ந்தார். அதைப் பார்த்துக்கொண்டு நானும் பேசாமல் இருந்தேன்.

எனவே, உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் தோலில் தெரிந்தால் மறைக்காமல் அரசாங்க மருந்தகத்தை நாடுங்கள். நீரடிமுத்து விதையை வீட்டு வைத்தியமாகத் தின்னாதீர்கள், அது நஞ்சாகும். விரல் மடங்கிய கரம் ஒன்று நம் அன்னதானப் பந்தியில் இலைமுன் நீளுமானால், அருகில் அமர்ந்து உண்ணுங்கள். தாங்கள் வழங்கும் நன்கொடை அப்போதுதான் முழுப்பயன் பெறும்.

எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் நலமருள்வானாக.